பிழை ஏதும் இல்லை

எல்லோரும் சௌக்கியமா? இந்த வெயிலுக்கு உடம்பு தாங்குகிறதா? ஒரு செம்பு மோரைக் கரைத்து வைத்துக்கொண்டு காற்றாடிக்குக் கீழே உட்காருங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தால் அவர்களையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இது இரண்டு பிள்ளைகளைப் பற்றியது. அவர்களைப் பெற்ற இரண்டு பேரைப் பற்றியதும்தான்.

திருச்சுழியில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் முருகலட்சுமி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அன்று பகல் பன்னிரண்டரைக்குக் கம்ப்யூட்டர் தன் தட்டை நீட்டியபோது, அதில் இருந்த டிவிடி சுட்டது. எழுதி முடித்த டிஸ்க் வெதுவெதுவென்று இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இது விரலை உதற வைத்தது. கூடவே ஒரு வாடை, வேலிக்கருவேல விறகு மண்ணுக்குள் புழுங்கி வேகும்போது வருகிற வாடை, பெட்டியின் இடுக்கில் இருந்து மெல்லக் கசிந்து ஜெராக்ஸ் மையின் வாடையோடு கலந்து மூக்கில் ஏறியது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி: சரிபார்த்தாயிற்று, பிழை ஏதும் இல்லை.

அவள் சரிபார்க்கச் சொல்லவே இல்லை. அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் எழுதவே விட்டாள்.

"முடிஞ்சிருச்சா தாயி?"

வாசற்படியில் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒன்பது மணியில் இருந்து அங்கேதான் இருக்கிறாள். வெயில் நகர நகர அவளும் நிழலோடு ஒரு சாண் நகர்ந்திருந்தாள்.

"இல்ல பெரியம்மா. டிஸ்க்கு கோளாறு. வேற போடணும்."

"போடு தாயி. நான் எங்க போகப்போறேன்."

மாயக்காளின் ஒரே மகன் செல்வக்குமார் பரளச்சிப் பக்கம், விறகை அடுக்கி மண் மூடிக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் வேலை பார்த்தவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் காணாமல் போனான். கேரளாவுக்குப் போயிட்டான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அதை முதலில் சொன்னவன் முருகலட்சுமியின் மகன் ஜெகதீஸ்வரன். அங்கே கரி லாரி ஓட்டுகிறவன். மாயக்காள் நம்பவில்லை. வழக்குப் போட்டாள். மூட்டக் காட்டு வாசலில் இருந்த கேமராவின் பதிவை வக்கீல் பூமிநாதன் எங்கெங்கோ மனுப் போட்டு வாங்கினார். அது ஒரு லிங்காக வந்தது. அவர் செல்போனில் திறக்கவில்லை. அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிவிடி போடுகிற வசதியும் இல்லை. இந்தத் தெருவில் அது மிச்சம் இருந்தது முருகலட்சுமியின் பழைய பெட்டியில் மட்டும்தான்.

"யக்கா, அது இமேஜ் ஃபைலு," என்று காலையில் போனில் சொன்னார். "சும்மா காப்பி பண்ணிப் போட்டீகன்னா ஓடாது. இமேஜாவே எழுதணும். நல்ல டிஸ்க்கா எடுங்க, நாலு ஸ்பீடுக்கு மேல போகாதீக, எழுதுறப்ப வேற எதையும் தொறக்காதீக. கடைசில வெரிஃபை மறந்துராதீக. மூணு மணிக்குள்ள தாக்கல் ஆகலைன்னா மனு தள்ளுபடி. அந்த லிங்கும் இன்னையோட செத்துரும்."

முருகலட்சுமி லிங்கில் இருந்து ஃபைலை இறக்கினாள். வழக்கம்போல எழுதுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்தாள்.

படம் தூரத்தில் இருந்து, புழுதி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. பின்னால் நின்றவன் விழுந்தான். லாரியில் இருந்து ஒருத்தன் குதித்து ஓடினான், வலது தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு. அந்தத் தோளை அவள் எண்ணெய் போட்டு நீவி வளர்த்திருக்கிறாள். அவனும் இன்னொருத்தனும் விழுந்தவனைத் தார்ப்பாயில் சுருட்டி, பாதி அடுக்கிய விறகுக்குள் செருகினார்கள். மேலே விறகு. அதற்கு மேலே சருகு. அதற்கு மேலே மண். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜெகதீஸ்வரன் சலவை சோப்பைப் போட்டு ஒரு மணி நேரம் குளித்ததும், பிறகு மூன்று தட்டுச் சோறு தின்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மாயக்காளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வக்கீல் சொன்னதையெல்லாம் அப்படியே தலைகீழாகச் செய்தாள்.

கீறல் விழுந்த மட்ட டிஸ்க்கை எடுத்தாள். இருப்பதிலேயே பெரிய வேகத்தை வைத்தாள். எழுதும்போதே நாலு ஃபைலைத் திறந்து பிரிண்டரையும் ஓடவிட்டாள். இப்படிச் செய்தால் பாதியில் நின்றுவிடும், நாற்பது தடவை நின்றிருக்கிறது. இன்றைக்கு முழுசாக எழுதி, சுடச்சுட நீட்டியது.

ஓட்டிப் பார்த்தாள். படம் மங்கலாக இல்லை. கேமரா பத்தடி முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. லாரிக் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் தெரிந்தது. ஜெகதீஸ்வரனின் முகம் தெரிந்தது. வேர்வை தெரிந்தது.

அடுத்த டிஸ்க் அறுபது சதவீதம் ஏறும்வரை காத்திருந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. பெட்டியின் காற்றாடி நின்றது. தெருவில் ஒரு பஸ் காரியாபட்டி, காரியாபட்டி என்று கூவிக்கொண்டு போய்த் தேய்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு சத்தம் இருந்தது. கரண்டு இல்லாத பெட்டிக்குள் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது, உரலில் மாவு ஆட்டுவதுபோல நிதானமாக, அவசரமில்லாமல்.

"கரி வாடை அடிக்குதே தாயி," என்றாள் மாயக்காள்.

"வெளியில எங்கயோ பெரியம்மா."

"இல்ல. உள்ள இருந்துதான் வருது."

பிளக்கைத் திரும்பச் சொருகினாள். பிழை ஏதும் இல்லை. இந்தத் தடவை படத்தில் சத்தம் இருந்தது. கேமராப் பதிவில் ஏது சத்தம்? ஸ்பீக்கரைக் குறைத்தாள், குறையவில்லை. தார்ப்பாயைச் சுருட்டுகிற சரசரப்பு. ஜெகதீஸ்வரனின் குரல், "சீக்கிரம்லே, சீக்கிரம்." அதற்கும் அடியில், தார்ப்பாய்க்குள் இருந்து, வாயில் மண் விழுந்தவன் முனகுவதுபோல ஒன்று.

ம்மா.

ம்மா.

உயிரோடுதான் விறகுக்குள் வைத்திருக்கிறார்கள். ஜெகதீஸ்வரன் அதைக் கேட்டிருக்கிறான். படத்தில் ஒரு கணம் அவன் கை நிற்கிறது, அடுத்த விறகை எடுக்கிறது.

முருகலட்சுமி வாசலைப் பார்த்தாள். மாயக்காள் தலையைச் சற்றுச் சாய்த்திருந்தாள், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள்போல.

முருகலட்சுமி ஃபைலை அழித்தாள். குப்பைத் தொட்டியிலும் அழித்தாள். இரண்டு டிஸ்க்கையும் முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஒடித்த இடத்தில் கறுப்பாகப் பொடி உதிர்ந்து சேலையில் விழுந்தது. தட்டிவிட்டாள், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. மணி இரண்டு இருபத்தைந்து. அப்புறம் உறை பிரிக்காத அடுக்கில் இருந்து ஒரு வெற்று டிஸ்க்கை எடுத்து, மேலே வழக்கு எண்ணை எழுதி, கவரில் போட்டு நீட்டினாள். கோர்ட்டில் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் வராது. டவுன்லோடில் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். லிங்க் செத்துவிடும். எல்லாம் முடிந்துவிடும்.

மாயக்காள் கவரை வாங்கவில்லை. எழுந்து உள்ளே வந்தாள்.

"ஒருக்காப் போட்டுக் காட்டு தாயி. எம் மவனப் பாத்து மூணு மாசமாச்சு."

"அங்க போயிப் பாத்துக்கலாம் பெரியம்மா, நேரமாச்சு."

"போடு."

போட்டால்தான் என்ன, வெற்று டிஸ்க். போட்டாள்.

பெட்டி உறுமியது. படம் வந்தது.

மூட்டக் காடு. வெயில். மூலையில் தேதி. இன்றைய தேதி. மணி இரண்டு முப்பத்தொன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தொன்று.

'எம்மா, இன்னைக்குப் புது மூட்டம் ஏத்துறோம், சோறு கொண்டு வர வேணாம்.' காலையில் ஜெகதீஸ்வரன் சொல்லிவிட்டுப் போனது.

லாரி நின்றது. கதவு திறந்தே கிடந்தது. ஆள் இல்லை. புது மூட்டம் மண் பூசி முடித்து, புகைபோக ஏழு ஓட்டைகளோடு இருந்தது. ஒருத்தன் முதுகைக் காட்டி நின்று ஈரமண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் தார்ப்பாய்க் கயிறு கிடந்தது. தார்ப்பாய் இல்லை.

முருகலட்சுமி போனை எடுத்தாள். ஜெகதீஸ்வரன் எண்ணை அழுத்தினாள்.

உறுமி மேளம் அடித்தது. ஜெகதீஸ்வரன் வைத்திருந்த ரிங்டோன். ஸ்பீக்கரில் இருந்து வந்தது. மூட்டத்துக்குள் இருந்து.

மண் உருட்டியவன் முதல் ஓட்டையை அடைத்தான்.

மாயக்காள் முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கரி வாடை இப்போது தொண்டையை அறுத்தது.

"எம் மவன்," என்றாள்.

"பெரியம்மா..."

"முதுகப் பாத்தாத் தெரியாதா பெத்தவளுக்கு?"

இரண்டாவது. மூன்றாவது. மேளம் மங்கியது. நான்காவது.

மேளம் நின்றது.

போனை எடுத்துவிட்டார்கள். நொடி ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"எய்யா... ஜெகதீசு... எய்யா..."

விறகு வெடிக்கிற சத்தம். மூச்சு. மண்.

ம்மா.

பெத்தவளுக்குத் தெரிகிற குரல்.

ஐந்து. ஆறு.

கடைசி ஓட்டைக்கு மண்ணை எடுத்துக்கொண்டு அவன் திரும்பினான். முகம் முழுக்கக் கரி. கண் இருக்கிற இடத்தில் இரண்டு கங்கு. வாசல் கேமராவைப் பார்த்தான். மாயக்காளைப் பார்த்தான். சிரித்தான்.

மாயக்காளும் சிரித்தாள்.

"கரிவேலைன்னா எம்புள்ள சுத்தமாச் செய்வான் தாயி."

அடைத்தான்.

கம்ப்யூட்டர் தட்டை நீட்டியது. டிஸ்க்கின் மேல் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. பிழை ஏதும் இல்லை. முருகலட்சுமியின் கையில் போன் இன்னும் நொடிகளை எண்ணிக்கொண்டே இருந்தது.

"மூணு ஆகப்போகுது," என்றாள் மாயக்காள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. "ரெண்டு காப்பியாப் போட்டுரு. ஒண்ணு கோர்ட்டுக்கு. ஒண்ணு ஒனக்கு."

நீங்களும் உங்கள் பிள்ளைக்கு இப்போது ஒரு போன் போடுங்கள். எடுத்ததும் பேசாமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருங்கள். என்ன கேட்டது என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.