காய்ச்சல் வராத உடம்பு

காலையில் ஹெல்வி, மூச்சின் அளவைக் காட்டும் ஊதுகருவியில் ஊதினாள். இரண்டு புள்ளி நான்கு. நேற்று இரண்டு புள்ளி எட்டு இருந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். இரண்டு புள்ளி மூன்று.

இறந்துபோன யாரோ ஒருவரின் நுரையீரல்கள் அவளுக்குள் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவற்றை அந்நியம் என்று உடம்பு தாக்காமலிருக்க, இரண்டு வேளையும் மாத்திரை. உடம்பின் காவலையே தூங்கவைக்கும் மாத்திரை. அதனால்தான் தனக்குச் சளி பிடித்த அன்றே கணவன் என்சியோ போர்வையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்திலிருந்த சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்குப் போய்விட்டான். அதற்கு முந்தின நாள் அவள் கரண்டியிலேயே சூப் ருசி பார்த்திருந்தான்.

காய்ச்சல் இல்லை. இருமலும் இல்லை. வீடு முழுக்க விறகு எரியும் வாசனை, கூரையிலிருந்து பனி சரியும் உரசல், அதற்கும் அடியில், கடிகாரத்தைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய மூச்சுதான்.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"காய்ச்சலே இல்லையே, சிஸ்டர்."

"உங்களுக்கு வராமலும் இருக்கும்மா. வைரஸ் உள்ள இறங்கினாலும் உடம்பு சொல்லாது. ஆம்புலன்ஸ் அனுப்புறேன். பனி ஜாஸ்தி, ஒரு மணி நேரமாகும்."

"காலை மாத்திரை இன்னும் போடல. விட்டுடட்டுமா? உடம்பு சண்டை போடட்டுமே."

"ஐயோ, வேணாம். அது முதல்ல அந்த நுரையீரலைத்தான் அடிக்கும்."

ஹெல்வி மாத்திரையை விழுங்கினாள்.

சன்னலில் என்சியோ தட்டினான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. பிறகு மண்வாரியை எடுத்தான்.

"வண்டி வர்றதுக்குப் பாதையை ஒதுக்கிடறேன். நீ மகாராணி மாதிரி உக்காந்து வேலை வாங்கு."

"உள்ள மட்டும் வந்துடாதே."

"எதுக்கு வரணும்? உன் சமையலுக்கா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மீதிக்குக் காற்று இல்லை.

அந்த வடகோடிக் குளிர்காலத்தில் காலை ஒன்பதாகியும் விடியவில்லை. நீல இருட்டில் என்சியோ குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். போன் மேசைமேல் இருந்தது. நாலு எட்டு தூரம். எழுந்திருக்க முயன்றாள். கால்கள் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

நெற்றி கண்ணாடியில் சாய்ந்தது. அவள் மூச்சு அதில் தட்டளவு படிந்தது.

பிறகு உள்ளங்கையளவு.

என்சியோ வாசல்வரை பனியைத் தள்ளிவிட்டுத் திரும்பினான். அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். கையை உயர்த்தப் பார்த்தாள். விரல்கூட நகரவில்லை.

அவனுக்குப் பின்னால் சாலை. வெள்ளை. வெறுமை.

கண்ணாடியில் இப்போது காசளவு ஈரம். அதற்கு அப்பால், கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, என்சியோ சிரித்துக்கொண்டிருந்தான்.