தீக்கிண்ணம்

சுகிர்தா தன் கைக்கருவியைத் தட்டியதும் நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஒரு கல்லருவி தோன்றியது. வெறும் ஒளிப்படிமம்தான். ஆனாலும் மாதேஸ்வரன் அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"இது நல்லாருக்கே வாசு."

அவன் மனைவி வாசுகி தன் நாற்காலியைக் குளத்தைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கோயம்புத்தூரின் வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் கதவுகள் திறந்தன. எல்லோரும் தத்தம் குளத்தருகே வந்து உட்காரும் நேரம் அது.

"அடுத்து நீர்த்திரை பாக்கறீங்களா? கண்ணாடி மாதிரி மெல்லிசா விழும்," என்றாள் சுகிர்தா. குளம் அலங்கரிக்கும் நிறுவனத்தில் வெகுகாலமாக இருப்பவள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுமுங்க. இந்தத் தண்ணில யார் யார் இருக்காங்க?"

"அப்பா, அம்மா. அப்புறம்..." அவன் வாசுகியை ஒருமுறை பார்த்தான். "சௌமியா. என்னோட முதல் சம்சாரம்."

சுகிர்தா இயல்பாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். ஆறுகள் வற்றிய பிறகு பிணத்தை எரிப்பதும் புதைப்பதும் சட்டப்படி குற்றம். இறந்தவர்களை நீர்மீட்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். உடலிலிருந்து பிரித்த தண்ணீரை மறுநாள் மூடிய குடத்தில் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். குளத்துக்கு நகரம் தண்ணீர் தருவது ஒரே ஒரு தடவைதான். அதன்பின் மட்டம் ஏறுவதெல்லாம் சாவு விழும்போது மட்டுமே.

"அந்தத் தீக்கிண்ணத்தைக் காட்டுங்க," என்றாள் வாசுகி.

அருவி மறைந்தது. குளத்துப் படிக்கட்டை ஒட்டி அகலமான கருங்கல் கிண்ணத்தில் தீ எழும்பியது.

"இதுக்கு இந்த வருஷந்தான் அனுமதி குடுத்திருக்காங்க. குளத்துத் தண்ணியையே பிரிச்சு, அதுல வர்ற ஹைட்ரஜனை எரிக்கும். எரிஞ்சு வர்ற ஆவியை ஊருக்கு மேல இருக்கற பனிவலை பிடிச்சுப் பொதுத் தொட்டிக்கு அனுப்பிரும். ஆனா ஒண்ணுங்க. அருவின்னா இருக்கற தண்ணியே சுத்திச் சுத்தி வரும். தீன்னா போனது போனதுதான்."

"எனக்கு இதுதான் வேணும்."

மாதேஸ்வரன் அதிர்ந்தான். "எங்கம்மாவையும் சேர்த்து எரிக்கச் சொல்றயா?"

"தினமும் நான் குளிக்கறது இதுலதாங்க. கண்ணு, காது, வாயி எல்லாத்துலயும் அவங்க. நாளைக்கு நான் செத்தாலும் குடத்துல கொண்டாந்து இதுக்குள்ளதான ஊத்துவீங்க? நீங்களும் வருவீங்க. அப்புறம் யாரும் யாரையும் விட்டுப் போகவே முடியாதுங்க."

சுகிர்தா குளத்தை அளப்பதுபோல் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டாள். அவன் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளினான்; அது விரலிடுக்கில் வழிந்து போனது.

"சரி," என்றான் கடைசியில். "தீயே போட்டுரலாம்."

ஹைட்ரஜன் சுடருக்கு நிறம் கிடையாது. உப்புச் சேர்த்து மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆக்கலாம் என்று சுகிர்தா சொன்னபோது அவன் வேண்டாமென்றான். ஆகவே கிண்ணத்தைப் பொருத்திய மாலையில் அங்கே எரிந்தது கண்ணுக்குப் புலப்படவில்லை. பின்னாலிருந்த சுவர் மட்டும் அனலில் நெளிந்தது.

குளத்தின் மட்டம் இறங்கத் தொடங்கியது. பக்கச்சுவரில் உலர்ந்த கோடு விரிய விரிய வாசுகிக்கு நெஞ்சு லேசானது. மாதேஸ்வரனும் மாறினான். வேலை முடிந்ததும் நேரே கொல்லைக்கு வந்தான். சிரித்துப் பேசினான். சௌமியாவின் நினைப்பிலிருந்து அவன் மீண்டுவிட்டான் என்றே அவள் நம்பினாள்.

ஒருநாள் காபி எடுத்துக்கொண்டு வந்தவள் கொல்லை வாசற்படியிலேயே நின்றாள்.

தண்ணீர் இறங்கிய படிக்கட்டில், கிண்ணத்துக்கு மிக அருகே நாற்காலியைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். சுடருக்கு மேல் குளிர்ந்த ஆவி அவன் முகத்தில் முத்து முத்தாகப் படிந்திருந்தது. அவன் துடைக்கவில்லை. கண்ணை மூடி, வாயைத் திறந்து, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தான். விடுவதற்கு மனமில்லாதவன்போல் நெஞ்சிலேயே நிறுத்திக்கொண்டான்.

"என்னங்க பண்றீங்க?"

"வா வாசு, உக்காரு." அவன் குரலில் அப்படியொரு அமைதி. "குளத்துல கெடந்தப்ப கையில அள்ளினா நழுவிப் போயிருவா. இப்பத்தான் உள்ள வர்றா."

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சுடரின் விசையை அணைத்தாள். சுவரின் நெளிவு நின்றது. அவன் கோபப்படவில்லை. சிரித்தபடி எழுந்து வந்து, ஈரமான உள்ளங்கைகளால் அவள் கன்னங்களைப் பிடித்துக்கொண்டான். அவன் மூச்சு வெதுவெதுப்பாக அவள் முகத்தில் பட்டது.

வாசுகி உதடுகளை இறுக்கி மூச்சை அடக்கினாள். அவன் கைகளை விலக்கப் பார்த்தாள்; அவன் விடவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காது அடைத்தது. கண்முன் பூச்சி பறந்தது.

பிறகு அவளும் மூச்சை இழுத்தாள்.