முந்நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்தது.

கதிரவன் நான்காவதை உரசினான். பழைய கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் பதிவறை. பகல் இரண்டரை மணி. மூன்று மணிக்கு நீதிமன்றம் அனுப்பும் ரேகை நிபுணர் வந்துவிடுவார். அதற்குள் இந்தக் கோப்பு சாம்பலாக வேண்டும். இல்லையென்றால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும்.

“என்ன சார் பண்றீங்க?”

வாசலில் பிரதீபா. இளநிலை எழுத்தர். சேந்தமேட்டுப் பெண்.

“கதவைச் சாத்து.”

“கொளுத்தப் போறீங்களா? ஊர் பேரத்தான் கொளுத்தியாச்சு. தாளையாவது விட்டு வைங்களேன்.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேந்தமேட்டுக்குத் தனி மேயர் இருந்தார். செவ்வாய்ச் சந்தைக்குத் திருநள்ளாற்றிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். அப்போது பக்கத்து ஊர் வெறும் மணல் திட்டு. அந்தத் திட்டு வளர்ந்து நகராட்சியாகி, எட்டு வருடம் முன்பு சேந்தமேட்டை விழுங்கியது. இப்போது அது பத்தொன்பதாம் வார்டு. வரி இரட்டிப்பு. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை. பஸ்ஸில்கூட பெயர்ப் பலகை இல்லை.

இணைப்புக்கு ஊர் சம்மதித்ததாகச் சொல்லும் ஒரே சாட்சி இந்தக் கோப்புதான். முந்நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு. நாங்கள் யாரும் வைக்கவில்லை என்று ஊரே வழக்குப் போட்டிருந்தது.

நான்காவது குச்சியும் அணைந்தது.

“தாள் நனைஞ்சிருக்கு சார்,” பிரதீபாவின் குரல் இறங்கியது. “பூட்டின பீரோவுல எப்படி?”

ஜன்னலுக்கு வெளியே வெயில் தகித்தது. உள்ளே அவன் மூச்சு புகையாக வந்தது.

பன்னீர் வாசனை. வாடிய மாலையின் வாசனை.

பிறகு அந்தச் சத்தம். ம்ம்ம்ம் என்று, ஏதோ மோட்டார் ஓடுவது போல.

“கரண்ட் காலையிலேர்ந்தே இல்லையே,” என்று கிசுகிசுத்தாள்.

அவன் ஐந்தாவது குச்சியை எடுத்தான்.

“சார். உங்க சட்டை.”

குனிந்து பார்த்தான். வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ஈரமாக இருந்தது.

அவன் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

கதவு தட்டப்பட்டது. நிபுணர் கமருன்னிசா முன்கூட்டியே வந்துவிட்டார். கோப்பை அவன் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து லென்ஸை வைத்தார். கால் மணி நேரம் தாள் புரளும் சத்தம்.

“முந்நூறு பேர் வெச்ச நாட்டு இல்ல இது,” என்றார் நிமிராமல். “ஒருத்தர்தான். முந்நூத்திப் பன்னெண்டும் ஒரே விரல். நடுவுல அரிவாள்மணை வெட்டுத் தழும்பு. யாரோடது தம்பி?”

கதிரவன் சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தான்.

“எங்கம்மாது.”

“சொர்ணாம்பாள் அம்மாவா?” பிரதீபா பின்வாங்கினாள். “ஊரைச் சேர்க்கக் கூடாதுன்னு வெயில்ல நாலு நாள் உண்ணாவிரதம் இருந்து செத்தவங்களாச்சே சார்.”

“தினக்கூலில இருந்தேன். கையெழுத்து வாங்கிக் குடுத்தா நிரந்தரம்னாங்க. ஊர்ல ஒருத்தர்கூட வைக்கல.” அவன் தரையைப் பார்த்தே பேசினான். “அண்ணன் பாரீஸ்லேர்ந்து வரணும்னு அம்மாவை மூணு நாள் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தோம். நான்தான் காவல்.”

அறை முழுக்க அந்த மோட்டார் சத்தம்.

“வெரச்ச கை சுலபமா விரியல. ஒவ்வொரு விரலா பிரிச்சேன். பத்து நாட்டு வெச்சிட்டு மை தொட்டுட்டு வருவேன்.”

அவன் கை சட்டையிலிருந்த ரேகையைத் தொட்டது.

“ஒவ்வொரு தடவை வந்து பார்க்கறப்பவும், அம்மா கையை மூடியிருந்தாங்க.”