ஆறு கால் சிட்டு

"உயிர் இருக்குங்க... சீக்கிரம்!"

செருப்புப் பெட்டியை நீட்டியபடி வாசலில் நின்றான் அவன். அரிசோனா பாலைவனத்து மழை முழுக்க அவன் தலையில்தான் கொட்டியிருந்தது. ஏர்கூலர் மெக்கானிக் சட்டை. நெஞ்சில் 'ருபேன்' என்று தைத்த பெயர். கண்கள்... இப்பவோ அப்பவோ அழுதுவிடும் கண்கள்.

அதை ரசிக்க, அடிபட்ட பறவைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் இனேஸுக்குத் தெம்பில்லை. வீட்டுக்குள் தாயில்லாத ஏழு ரீங்காரச்சிட்டுக் குஞ்சுகள், கட்டைவிரல் அளவே வளரும் ஹம்மிங்பேர்ட். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, அரை மணிக்கொரு அலாரம், அரை மணிக்கொரு ஊட்டல். இரண்டு வேளை தவறினால் உயிர் தங்காது. உதவிக்கு இருந்தவள் நின்று மூன்று வாரம்.

"இருங்க. இதுங்க முதல்ல."

ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு வாயிலும் இரண்டு சொட்டு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

"பூச்சி."

"என்னது? பூ முன்னாடி அந்தரத்துல நின்னு தேன் குடிச்சுதுங்க! குட்டிச் சிட்டு!"

"அந்துப்பூச்சியும் அப்படித்தான் குடிக்கும். கால் எண்ணுங்க, ஆறு. தலையில ரெண்டு கொம்பு. இது அலகில்ல, சுருட்டி வைக்கிற குழாய். சிட்டுக்குஞ்சு கூட்டை விட்டு வர்றப்பவே அம்மா சைஸ் இருக்கும். குட்டியா ஒண்ணு பறக்கவே பறக்காது. இந்த வாரம் நீங்க அஞ்சாவது ஆளு. கண்ணை எங்கய்யா வச்சிருக்கீங்க எல்லாரும்?"

அவன் முகம் சிவந்தது.

"நாப்பது மைல், வெள்ளத்துல ஓட்டிட்டு வந்தேன். பறவையோ பூச்சியோ... நடுங்குச்சு. அதான்."

பெட்டியோடு வெளியேறினான்.

சே... ஏன் அப்படி எரிந்து விழுந்தேன்? ஜன்னலில் பார்த்தாள். சாலையை ஓடை வெள்ளம் மூடியிருந்தது. போக வழியில்லாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கூப்பிடலாம்... வறட்டு கௌரவம் விடவில்லை. நாற்காலியில் சாய்ந்தாள். ஒரே ஒரு நிமிடம்...

விழித்தபோது மழை விட்டிருந்தது. கடிகாரம்... ஐயோ! மூன்று வேளை போயிருந்தது!

ஓடினாள். கூடுகளின் முன்னால் ருபேன் மண்டியிட்டிருந்தான். கையில் சிரிஞ்ச்.

"அலாரம் வண்டி வரைக்கும் கேட்டுது. நீங்க அசையவே இல்ல. ரெண்டு சொட்டுதானே? பாத்துட்டுத்தானே இருந்தேன்."

ஏழு வாய்களும் திறந்திருந்தன. எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பிட்டு யாரு திட்டு வாங்கறது?"

மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"தண்ணி வடிஞ்சுடுச்சு. வரேங்க."

"நாளைக்கு...?"

"நாளைக்கு ஏதாவது பூச்சி கிடைக்கணுமே!"

"பூச்சியெல்லாம் வேணாம்..." அவள் வாசலை மறித்து நின்றாள். "அசதியில உளர்றேன்னு நினைக்காதீங்க ருபேன்... எனக்கு நீங்கதான் வேணும்."