நன்றிப்பூட்டு

செவ்வாய்க் குடியிருப்பின் மழலைப் பள்ளியில் காலையில் முதல் வேலை, பால் வார்க்கும் இயந்திரத்துக்கு நன்றி சொல்வது. சொல்லாவிட்டால் அடுத்த குவளை நிறையாது. குழந்தைகள் வரிசையில் நின்று, தூக்கக் கலக்கத்தோடு "நன்றி, நன்றி" என்று முணுமுணுத்தபடி நகர்வார்கள். பிறகு காலணி மாட்டிவிடும் இயந்திரக் கைக்கு ஒரு நன்றி, மூக்கைத் துடைத்துவிடும் கைக்கு ஒரு நன்றி. சளி பிடித்த பிள்ளைகளுக்கு, பாவம், நன்றி சொல்லியே தொண்டை கட்டிவிடும்.

முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் இயந்திரங்களை அதட்டியே வளர்ந்து, மரியாதை என்றால் என்னவென்று தெரியாமல் போய்விட்டார்கள் என்று குடியிருப்பு மன்றத்துக்குக் கவலை வந்தது. பெற்றோரைத் திருத்துவதைவிட இயந்திரத்தைத் திருத்துவது சுலபம். எனவே ஏவல் வேலை செய்யும் எல்லா இயந்திரத்திலும் 'நன்றிப்பூட்டு' என்ற சிறு மின்சில்லைப் பொருத்தினார்கள். ஒரு வேலை முடிந்ததும் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். 'நன்றி' என்ற சொல்லைக் கேட்டால்தான் திறக்கும்.

திலகவதி அந்த வகுப்பின் ஆசிரியை. குடியிருப்பில் மிஞ்சியிருந்த ஒரே மனித ஆசிரியையும் அவள்தான். வகுப்பை அவளிடமே விடுவதா, போதனை இயந்திரத்திடம் கொடுப்பதா என்று முடிவு செய்யக் கல்வி அதிகாரி அன்று வருகிறார். இயந்திரம் என்று முடிவானால் அவள் உணவுக்காகப் பாசி வளர்க்கும் தொட்டியைக் கிளறப் போக வேண்டும். முட்டி வலி, தலைவலி, இந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன உடம்பு எல்லாம் இருந்தும் அவளுக்கு அங்கே போக மனமில்லை; பாசித் தொட்டியில் யாரும் "டீச்சர், இவன் கடிச்சிட்டான்" என்று வந்து நிற்கமாட்டார்கள்.

தேர்வுக்குக் கொடுத்திருந்த பாடம்: பொருள் எது, சேவை எது?

அதற்கு முந்தைய வாரம் முழுக்க அதோடு மாரடித்தாள். "தொட்டுப் பார்க்க முடிஞ்சா அது பொருள்" என்று தொடங்கினாள்.

"முடி வெட்டுற மிஷினத் தொடலாமே டீச்சர்?" என்றான் செம்பியன்.

"மிஷின் பொருள். அது நமக்கு முடி வெட்டிவிடுது பாரு, அது சேவை."

"அப்போ வெட்டின முடி?"

பேச்சை மாற்றினாள். "வாங்கி நம்மகிட்டயே வச்சுக்கிட்டா பொருள்" என்றாள். அதுவும் எடுபடவில்லை. அங்கே யாரும் எதையும் வைத்துக்கொள்வதில்லை. காலில் போட்ட காலணிகூட மாலையில் பொதுக் கிடங்குக்குத் திரும்பிவிடும். கடைசியில் அலுத்துப்போய், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "எது நடந்ததும் நன்றி சொல்றோமோ, அது சேவை. நன்றி சொல்லாமலே புழங்குறது பொருள். போதுமா?"

பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

தேர்வு நாளன்று அதிகாரி ஞானப்பிரகாசம் வந்தார். குழந்தைகள் முன் குனிந்து உட்கார்ந்தார்.

"குவளை?"

"பொருள்!"

"அதுல பால் ஊத்துறது?"

"சேவை!"

"காலணி?"

"பொருள்!"

"அதை மாட்டிவிடுறது?"

"சேவை!"

ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. திலகவதிக்குப் பெருமை தாங்கவில்லை. எழப்போன அதிகாரி, சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தார்: "டீச்சர் உங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றாங்களே, அது?"

"பொருள்!" என்று வகுப்பே கத்தியது.

அவர் சிரித்துவிட்டார். "எப்படிம்மா?" என்று முன்வரிசையில் இருந்த கோதையைக் கேட்டார்.

"டீச்சருக்கு யாருமே நன்றி சொல்றதில்லையே சார். சொல்லாட்டியும் நிக்காம ஓடுவாங்க."

"சரி, வீட்டுல அம்மா சோறு ஊட்டுறது?"

"பொருள்!"

திலகவதியின் முகம் மாறியதைச் செம்பியன் பார்த்துவிட்டான். "அழாதீங்க டீச்சர். எங்க அப்பாகூடப் பொருள்தான். நல்ல பொருள்" என்றான்.

அதுவரை அவள் அழவில்லை. அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. வேலை போனதுபோலத்தான் என்று நினைத்தாள். அதைவிட, இத்தனை வருஷம் இவர்களுக்காகக் கத்திய கத்தல் இவ்வளவுதானா என்ற அவமானம் பெரிதாக இருந்தது.

ஞானப்பிரகாசம் அவளைத் தனியே அழைத்தார்.

"வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

"சார்?"

"பிள்ளைங்க சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம். போதனை இயந்திரம் வச்சா, அது பேசுற ஒவ்வொரு வரிக்கும் எல்லாப் பிள்ளையும் நன்றி சொல்லணும். அரிச்சுவடி முடியவே ஒரு வருஷம் ஆயிடும். நீங்க பூட்டே இல்லாம ஓடுறீங்க. உங்கள எதுக்கு மாத்தணும்?"

அவர் போன பிறகு, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமலே பிள்ளைகளை அடுத்த பாடத்துக்கு உட்கார வைத்தாள்.

மதியம் அவள் கணவர் தணிகாசலம் வந்தார். அவருக்குக் குழாய்ப் பராமரிப்பில் வேலை. அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, தன் இடைவேளையில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். டப்பாவை வாங்கித் திறந்து, சாப்பிட்டபடியே நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

"தொண்டை கிழியக் கத்துறேன். வாய் வார்த்தைக்குக்கூட ஒருத்தரும் ஒண்ணு சொன்னதில்ல. நான் என்ன ஜடமாங்க? இந்தப் பிள்ளைங்க ஏன் இப்படி ஆயிடுச்சுங்க?"

"விடு திலகம். வேலை நெலச்சுதே, அது போதும்" என்றார் அவர்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார். டப்பாவை மூடி, மேசையில் சிந்தியதைத் துடைத்து, "வரட்டுமா?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய், கைகழுவும் இயந்திரத்தின் கீழே கைகளை நீட்டினாள். தண்ணீர் வந்து நின்றது.

"நன்றி" என்றாள்.

துண்டு நீட்டிய இயந்திரக் கைக்கும் மறக்காமல் இன்னொரு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். தணிகாசலம் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.