நான்கு பேர் அறிந்த ஓட்டை

மாமியார்கள் மருமகன்களை அழைத்து விருந்து வைக்கும் மருமகன் சஷ்டிக்கு மறுநாள் காலை ஷெஃபாலிகா கரார் வந்து கதவைத் தட்டியபோது, ஹாபுல் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் மாமியார் வீட்டு விருந்து அவன் வயிற்றில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டில் மாமியார் கட்டிவிட்ட மஞ்சள் நூல், அதன் முடிச்சில் வாடிய அறுகம்புல். அந்த நூலால் இரண்டு சட்டைகளின் கைப்பட்டி உட்புறம் மஞ்சளாகிவிட்டதென்று மனைவி போனில் திட்டி இப்போதுதான் ஓய்ந்திருந்தாள்.

"அண்ணி, யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க. முகமே சரியில்ல."

மந்திரா லாஹிரி பாலில்லாத தேநீரைக் கீழே வைத்தாள். ஹைகோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக வக்கீல் தொழில். வழக்காடுவதைவிட, வழக்குக்குள் ஒளிந்திருக்கும் பொய்யைத் தேடிப் பிடிப்பதில்தான் அவளுக்குப் பேர். ஹாபுல் அவள் கணவனின் தம்பி. செய்த வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, துப்பறிகிறேன் என்று அண்ணியின் அறையில் வந்து ஒட்டிக்கொண்டவன்.

ஷெஃபாலிகா உட்காராமலே பேசினாள். "ஹௌராவுல அடிபம்பு செய்யற பட்டறை வச்சிருக்கேன் வக்கீலம்மா. அவர் போனப்புறம் நான்தான் நடத்தறேன். நாப்பது பேர் வேலை செய்யறாங்க. இடம் பவானிபூர் மல்லிக் பாபுவோடது. குத்தகை இந்த மாசம் முடியுது. புதுப்பிக்கிற உரிமை எனக்கு இருக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். நேத்துக் காலையில என் வக்கீல் கம்பெனி பஞ்சமுக் லீகல்ல கூப்பிட்டு உட்கார வச்சு, அந்த உரிமையைப் பதிவே பண்ணல, அது செல்லாதுன்னாங்க. 'யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, வெள்ளிக்கிழமை மல்லிக்கைப் பார்த்து புதுசா எழுதி வாங்கிடலாம்'னாங்க."

"விட்டீங்களா?"

"என் நிழல்கிட்டகூட விடல. இன்னிக்கு விடிஞ்சதும் மல்லிக் போன் பண்றாரு. 'உன் உரிமை செல்லாதாமே? ராத்திரி ஹரிசாதன் ஷீல் வந்து சொன்னான். இடத்த அவனுக்குக் கேக்கறான். நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்து'ங்கறாரு."

ஹரிசாதன் ஷீல் அவளுக்குப் போட்டிப் பட்டறைக்காரன். இடம் அவன் கைக்குப் போனால் எந்திரங்களைப் பெயர்த்துத் தெருவில்தான் வைக்க வேண்டும். நாற்பது பேரும் அவனிடமே கூலிக்குப் போய் நிற்க வேண்டும்.

"ஷீல் குடும்பத்தைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். அவன் பொண்டாட்டி தங்கமான மனுஷி. பூஜைக்குப் பூஜை இனிப்பு அனுப்புவாங்க. ஒரே பொண்ணு. போன பங்குனியில ரெஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சுதாம். ஊரைக் கூட்டி விருந்து குளிர்காலத்துலயாம். மாப்பிள்ளை யாருன்னு மட்டும் ஷீல் வாயைத் திறக்கமாட்டேங்கறான்."

மந்திரா ஷீல் மனைவியின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பஞ்சமுக் லீகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிச் சட்டம், தொழிலாளர் சட்டம், சொத்துச் சட்டம், கம்பெனிச் சட்டம், வணிகப் பெயர்ச் சட்டம் என்று ஐந்து முகமும் ஒரே கூரையின் கீழ். வாசலில் ஒரு மனிதன் நின்றால் ஐந்து முகமும் அவன் சட்டைப் பையைத்தான் பார்க்கும். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்னொரு கண்ணாடி. அன்று மத்தியானத்துக்கு மேல் மந்திரா ஷெஃபாலிகாவோடும் ஹாபுலோடும் அங்கே போனபோது, அத்தனை கண்ணாடியிலும் தன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் தலைவர் பிபாஸ் காஞ்சிலால் வந்து உட்கார்ந்தார்.

"எங்க நிறுவனத்துல கசிவா? சான்ஸே இல்ல மேடம். ரகசியம்ங்கறது எங்க ரத்தத்துல ஊறினது."

"ஊறினதுதான் ஒழுகும்" என்றாள் மந்திரா. "நான் இங்கயே கேக்கட்டுமா, பார் கவுன்சில்ல போய்க் கேக்கட்டுமா?"

காஞ்சிலாலின் ரத்தம் சற்று வெளுத்தது. நேற்றைய கூட்டத்தில் தன்னைச் சேர்த்து நான்கு வக்கீல்கள்தான் இருந்தார்கள் என்றார். கூட்டம் முடிந்ததும் மருமகன் சஷ்டிக்காக அலுவலகத்துக்கு அரைநாள் விடுமுறை. அவர் மட்டும் ராத்திரிவரை இங்கேயே டில்லிக் கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாராம். அவர்களே அதற்குச் சாட்சி.

மற்ற மூவரையும் கூட்டிவந்தார்கள். அன்று பார்த்து ஏசி பழுது. ஜூன் மாதத்துக் கல்கத்தா கண்ணாடிப் பெட்டிக்குள் வெந்தது. காஞ்சிலாலே கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டார்.

தொழிலாளர் சட்டம் சுகோமல் தோலுய், வயிறு முன்னால் வர அவர் பின்னால் வந்தார். கையில் ஹாபுலுடையதைப் போலவே ஒரு மஞ்சள் நூல். "பாராசாத்ல மாமியார் வீடு. ரெண்டு மணிக்கு உட்கார்ந்தேன், ஆறு மணிக்கு எழுந்தேன். நடுவுல எதுவும் ஞாபகம் இல்ல."

ஹாபுல் அண்ணியின் காதில் ஓதினான். "இவன்தான் அண்ணி. நாலு மணி நேரம் யாராவது சாப்பிடுவாங்களா?"

"நேத்து நீ எவ்வளவு நேரம் சாப்பிட்டே?"



சொத்துச் சட்டம் தமயந்தி பால், புருஷனோடு தன் தாய்வீட்டுக்குப் போனாளாம். "விருந்து அவருக்கு. அடுப்படி எனக்கு. வருஷா வருஷம் இதே நியாயம்."

மூன்றாமவன் கம்பெனிச் சட்டம் அர்க்கதேவ் சூர். முப்பத்திரண்டு வயசு, தலைமுடி ஒன்றுகூட இடம் மாறாத சீவல். அவன் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது.

காஞ்சிலால் அவன் தோளைத் தட்டினார். "இவன் எங்க ரத்தினம். சின்ன வயசுலயே தாய் தகப்பன் போய், சொந்தம்னு ஒருத்தரும் இல்லாம ஹாஸ்டல்ல வளர்ந்த பையன். கல்யாணமும் பண்ணிக்கல. அதனாலதான் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், அவங்க எதிர்த்தரப்பு, போட்டிக்காரங்க பட்டியலை வச்சு, நம்ம ஆளுங்களுக்கு ஒட்டு உறவு இருக்கான்னு பார்க்கற பொறுப்பை இவன்கிட்டயே கொடுத்திருக்கேன். கராரம்மா விஷயத்துலயும் இவன்தான் பார்த்து, யாருக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னான்."

"நேத்து எங்க இருந்தீங்க தம்பி?" என்றாள் மந்திரா.

"மாமியார் இல்லாத பாக்கியசாலி மேடம் நான். என் ஃபிளாட்ல தனியா ஃபைல் படிச்சிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு, ஷெஃபாலிகாவின் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தான். "ஒண்ணு சொல்லலாமா? இந்த மாதிரிப் பட்டறைக்காரங்க தாங்களே நாலு பேர்கிட்ட புலம்பிட்டு, அப்புறம் வக்கீல் மேல பழி போடறது வழக்கம். படிச்சவங்க பேசறது அவங்களுக்குப் பாதிதான் புரியும்."

ஷெஃபாலிகாவின் முகம் கறுத்தது.

பியூன் தேநீரும் சந்தேஷ் இனிப்பும் மீன் வறுவலும் கொண்டுவந்து வைத்தான். தோலுய் முதலில் கை நீட்டினார். அர்க்கதேவ் தட்டைத் தள்ளி வைத்தான். "வேணாம். மத்தியானமும் சாப்பிடல, வயிறு சரியில்ல." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். கோட்டின் கை மேலேறியது. உள்ளே வெள்ளைச் சட்டையின் கைப்பட்டி, வலது கையில் கட்டியிருந்த அகலக் கடிகாரம். பட்டியின் உள்விளிம்பில் மஞ்சள்.

ஹாபுல் சிரித்தான். "என்ன சார், குழம்பு சட்டையில?"

"ஆமா, மீன் குழம்பு. மத்தியானம் சிந்திடுச்சு" என்று அவன் கையைக் கீழே இறக்கினான்.

மந்திரா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"மத்தியானம் சாப்பிடலன்னு சொன்ன வாயாலேயே மத்தியானம் குழம்பு சிந்துச்சுன்னு சொல்றீங்க. அது போகட்டும். குழம்பு சிந்தினா சட்டைக்கு வெளியில சிந்தும், திட்டா விழும். உங்களுக்கு உள்பக்கம் ஊறியிருக்கு, கையைச் சுத்திக் கோடு மாதிரி. வெளியிலேருந்து விழல, உள்ளேருந்து வேர்வையில கரைஞ்சு வருது. இந்த வேக்காட்டுல தலைவரே கோட்டைக் கழட்டிட்டாரு, நீங்க கழட்டல. கடிகாரத்தை அவிழுங்க."

"இது என்ன அநாகரிகம்?" என்றான் அர்க்கதேவ்.

"அவிழுடா" என்றார் காஞ்சிலால். முதன்முறையாக அவர் குரலில் பளிங்கு இல்லை.

கடிகாரத்துக்கு அடியில் மஞ்சள் நூல், நசுங்கிய அறுகம்புல் முடிச்சோடு இருந்தது.

"கோயில்ல கட்டினது. காளிகாட்டுல."

"கோயில் கயிறு சிவப்பு" என்றாள் தமயந்தி சட்டென்று. "எங்கம்மா நேத்து கட்டினது இதே மாதிரிதான்."

"இந்த நூலை அம்மா பிள்ளைக்குக் கட்டுவா, இல்ல மாமியார் மருமகனுக்குக் கட்டுவா" என்றாள் மந்திரா. "தம்பிக்கு அம்மா இல்ல, வேற சொந்தமும் இல்ல. அப்ப மாமியார் இருக்காங்க. கல்யாணம் பண்ணினதுல வெட்கப்பட என்ன இருக்கு? எதிர்த்தரப்புப் பட்டியல்ல பேர் இருக்கற மாமனாரைத்தான் ஒரு வக்கீல் மறைப்பான்."

"கற்பனை! பேர் சொல்ல முடியுமா உங்களால?"

மந்திரா காலையில் ஷெஃபாலிகாவிடம் வாங்கிய எண்ணை எடுத்தாள். போனை மேஜை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தாள்.

"யாரும்மா?" என்றது ஒரு முதிய பெண்குரல்.

"பஞ்சமுக் லீகல் ஆபீஸ்லேருந்து பேசறேன்மா. அர்க்கதேவ் சூர் மத்தியானத்துலேருந்து எதுவும் சாப்பிடல. மீன் வறுவல் வச்சோம், அதையும் தள்ளிட்டாரு." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, பாருங்கள்.

"அட கடவுளே! என் மாப்பிள்ளைக்கு என்னாச்சு? நாலாவது துண்டு இலிசா மீன் வேணாம்னு நேத்தே சொன்னேன். மாமனார் கேட்டாத்தானே! 'வை, வை'ன்னு அவர் வைக்கச் சொல்றாரு, இது பாவம் தின்னுட்டே யாரோ மல்லிக்கு, குத்தகை, பதிவு பண்ணலன்னு பேசிட்டே இருக்கு. அதைக் கேட்டதும் இவரு கைகூடக் கழுவாம எழுந்து போன் பண்ணப் போயிட்டாரு. விருந்து நாள்ல பாதித் தட்டுல எழுந்திருப்பாங்களா சொல்லுங்க? அர்க்கோகிட்ட போனைக் குடுங்கம்மா. சீரகத் தண்ணி வச்சு அனுப்பவா?"

எந்தச் சட்டமும் படிக்காத ஒரு தாயின் பிரியம் அங்கே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டுக் காத்திருந்தது.

"சீரகத் தண்ணி போதும்மா, சரியாயிடும்" என்று மந்திரா மென்மையாகச் சொல்லிப் போனை வைத்தாள். அந்த அறையில் அவள் மென்மையாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

காஞ்சிலால் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "மேடம், இது இந்த ரூமோட இருக்கட்டும். கராரம்மாவுக்கு அஞ்சு வருஷம் இலவசமா ஆலோசனை..."

"உங்க ஆலோசனையை இலவசமாக் குடுத்தாலும் நஷ்டம் எனக்குத்தான்" என்றாள் ஷெஃபாலிகா. "படிச்சவங்க பேசறது எனக்குப் பாதிதான் புரியுமாம். அந்தப் பாதியே போதும்."

மந்திரா எழுந்து காஞ்சிலால் பக்கம் திரும்பினாள். "நடந்ததை நடந்தபடி உங்க கையெழுத்துல பிரமாணப் பத்திரமா இன்னிக்கே எழுதிக் குடுங்க. வக்கீல்கிட்ட சொன்ன ரகசியத்தை வச்சு இடத்தைப் பிடிக்கப் பார்த்ததுக்கு நாளைக்குக் காலையில கோர்ட்டுல தடை கேக்கப்போறோம். அதை ஷீலுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லுப்பா அர்க்கதேவ். மாமனார்கிட்ட பேசறது உனக்குப் புதுசில்லையே."

அர்க்கதேவ் போனை எடுத்தான். மறுமுனையில் மாமனார் போட்ட சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்ற பியூனுக்கே கேட்டது. கோர்ட்டு, தடை என்றதும் ஷீல் விலகிக்கொண்டான். மருமகனைக் காப்பாற்ற ஒரு வார்த்தை பேசவில்லை.

படியிறங்கும்போது ஹாபுலுக்கு ஒரு சந்தேகம். "அண்ணி, அவ்வளவு கெட்டிக்காரன், ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த நூலை அறுத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

"மாமியார் கட்டினதை அறுக்கப் பயம். நம்பி வந்த பொம்பளை கழுத்தை அறுக்க மட்டும் பயமே வரல."

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போகத் தேவையே வரவில்லை. வழக்கு என்ற சொல்லைக் கேட்டாலே மல்லிக் பாபுவுக்கு ரத்தக் கொதிப்பு. அவர் முணுமுணுத்துக்கொண்டே பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்து, புதுக் குத்தகையில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பதிவு எண் விழும்வரை ஷெஃபாலிகா அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது எந்திரங்கள் நின்றிருந்தன. நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க யாருக்கும் துணிவில்லை.

"என்ன வேடிக்கை? விளக்கு வைக்கிற நேரம்கூட ஆகல, அதுக்குள்ள எந்திரத்தை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று அதட்டினாள் ஷெஃபாலிகா.

முதல் கடைசல் எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.