பதினோரு லட்சம் ஊர்க்காரர்கள்

இடைவேளை முடிய மூன்று நிமிடம் இருந்தது. ஆடுகளத்தின் ஓரத்தில், ராஜரத்தினம் அண்ணாச்சியும் 'நோக்கு' நிறுவனத்தின் நிவேதனாவும் ஒரே துண்டுக்கு அடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். காதல் அல்ல, பேரம். எல்லார் கண்ணிலும் 'நோக்கு' தயாரித்த, கழற்ற முடியாத விழிப்படலம் ஒட்டியிருந்த காலம் அது. பார்ப்பதெல்லாம் பதிவாகிவிடும். அதனால் மாட்டுச்சந்தையின் துண்டு பேரம் பெரிய கம்பெனிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. எத்தனை விரல் பிடிக்கிறோமோ அத்தனை கோடி.

"இன்னும் ரெண்டு விரல் சேத்துப் புடிம்மா."

"அண்ணாச்சி, இதுக்கு மேல என் கையில விரலே இல்ல. நாலரை ஆச்சுன்னா பழைய ஒப்பந்தம் முடிஞ்சுரும். இருட்டடிப்பு வந்துரும்."

"வரட்டுமே. ஒளிபரப்புத்தான நிக்கும்? இங்க எட்டாயிரம் பேரு நேர்ல உக்காந்திருக்கான். காலைல நீயே போன் போடுவ."

அண்ணாச்சி விருதுநகரின் 'விருதை வேங்கைகள்' பெண்கள் கபடி அணியின் முதலாளி. அவர் மகள் செண்பகவல்லி, வீட்டில் செம்பா, அணித்தலைவி. இறுதி ஆட்டத்தில் சென்னையுடன் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று நின்றிருந்தது. பதினோரு வருடமாகக் கைக்கு வராத கோப்பை.

ஓர் அணியை அதன் உள்ளூர்ப் பார்வையாளருக்குக் காட்டும் ஒளிபரப்பு உரிமைக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை. படலத்தைப் பொருத்தும்போது அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "உங்களுக்கு எந்த ஊர்?" எங்கே குடியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நிறுவனம் கேட்டது. நம் ஆட்கள் அப்படியா பதில் சொல்வார்கள்? தாத்தா காலத்திலேயே சிங்கப்பூர் போனவர்கூட விருதுநகர் என்றுதான் சொன்னார். அதைக் கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. 'அப்படிச் சொன்னவர் எல்லாரும் உள்ளூர்க்காரரே' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவைத்தார். மூன்று லட்சம் தலை பதினோரு லட்சம் ஆனது. அந்த எண்ணைப் பெருமையாக அரங்கின் சுவரில் நொடிக்கு நொடி மாறும் மின்பலகையாகவே மாட்டினார்.

நாலரை ஆயிற்று. நடுவர் விசில் ஊதினார்.

எட்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். களத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள். ஏழும் சென்னைப் பெண்கள். எதிர்ப்பக்கம் வெறும் மெத்தை. அந்த மெத்தையில் யாரோ நடப்பதுபோல் பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ஏம்மா! நேர்ல பாக்குறதக் கூடவா மறைப்பீங்க?"

"படலத்துக்குத் திரை எது, தரை எதுன்னு தெரியாது அண்ணாச்சி. கண்ணுக்கு வந்தா அது காட்சி. காட்சின்னா உரிமை." என்றாள் நிவேதனா. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை.

வெற்றிடத்திலிருந்து மகளின் அலறல் வந்தது.

"அப்பா! எங்கைய காணோம்! என் காலு தெரியலப்பா!"

அவளும் விருதுநகர்க்காரிதானே. அணியில் ஏழு பேரும் அப்படித்தான். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவர்கள் கொச்சிக்காரர்கள், அவர்கள் கண்ணுக்கு எல்லாரும் தெரிந்தார்கள், ஆட்டத்தில் குறையில்லை என்று தொடர்ந்து விசில் ஊதினார்கள். சென்னைக்கு ஒன்று, இரண்டு, ஐந்து புள்ளி.

"நீ சொன்ன விலைக்கே முடிச்சுக்கறேன். தாயி, வெளிச்சத்தப் போடு!"

"முடியாது அண்ணாச்சி. கெடு தாண்டுனா ஒரு நாள் கழிச்சுத்தான் கையெழுத்து. யோசிக்க நேரம் வேணும்னு நீங்கதான அந்த விதிய வச்சீங்க?"

இழுத்துப் பேசுவதற்கென்று அவரே வைத்த ஒரு நாள். அண்ணாச்சி நாற்காலியில் சரிந்தார்.

அப்போது களத்தில் மூச்சு வாங்க ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "படலமே, ஊர் மாத்து. எனக்குச் சென்னை."

செண்பகவல்லிதான். பிறகு, "ஏட்டி, எல்லாரும் சென்னைன்னு சொல்லுங்கடி! கை தெரியுது!"

ஆறு குரல்கள் சொல்லின. முன்வரிசை சொன்னது. பிறகு அரங்கம் முழுவதும், பரம்பரை பரம்பரையாகச் சென்னையைத் திட்டிய வாயெல்லாம், சென்னை சென்னை என்று கத்தியது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சொன்னார்கள். சுவர்ப்பலகையில் பதினோரு லட்சம் ஏழாயிற்று, இரண்டாயிற்று, ஆயிரங்களாகச் சரிந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. அண்ணாச்சிக்கு மட்டும் வெறும் மெத்தை.

"அண்ணே, நீயும் சொல்லுண்ணே!" தம்பி குணசீலன் உலுக்கினார். "செம்பா ஒரே கபடிப் பாட்டுல மூணு பேரத் தொட்டுட்டு வாரா. பாக்க வேணாமா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நிவேதனா சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"பலகையப் பாருங்க!"

பலகையில் ஒன்று என்று இருந்தது.

"பாக்குறவங்கள்ல ஒரு ஊர்க்காரராவது இல்லேன்னா அது அணியே இல்ல. கபடிக் கழகத்தோட விதி. ஜெயிச்சாலும் கோப்பை எதிரணிக்குத்தான். இத நான் சொன்னது என் கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். ஆனா சொல்லாம இருக்க முடியல."

அண்ணாச்சி அவள் கையை மெல்ல விலக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மீதி ஒன்பது நிமிடமும் சென்னைப் பெண்கள் காற்றைத் துரத்துவதையும், காற்றிடம் சிக்கி விழுவதையும் கண் கொட்டாமல் பார்த்தார். கடைசி விசிலில் அரங்கமே எழுந்து நின்றது. தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் ஜெயித்தது தெரிந்தது.

வெள்ளிக் கோப்பை கழகத்தின் சொத்து. அதற்கு இருட்டடிப்பு இல்லை. அது தனியாக அந்தரத்தில் அசைந்து வந்து அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"வாங்கிக்கோப்பா."

கை நீட்டினார். வெள்ளியின் குளிர்ச்சிக்கு நடுவில் வியர்த்த விரல்கள் தட்டுப்பட்டன. அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

"குணா," என்றார் மெதுவாக. "பிள்ள சிரிக்காளா, அழுவுதாளா?"

பக்கத்தில் நின்ற தம்பி, இப்போது சென்னைக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.